தேங்காய் எண்ணெயில் குழைத்த மக்கு

சத்தியபாய் கஞ்சிக் கிண்ணத்தோடு அறைக்கு வந்தாள். வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. கட்டிலில் படுத்திருந்த புருஷனின் தலைமாட்டில் இருந்த பெரிய ஜன்னலில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, ஒரு நல்ல பாம்பு கிடந்தது.

அது வெளியே கிடக்கிறதா உள்ளே கிடக்கிறதா என்று முதலில் அவளுக்கே பிடிபடவில்லை. ஜன்னல் அப்படி. வெள்ளைக்காரத் துரை இந்தப் பங்களாவைக் கட்டியபோது, மலைக்காற்றின் இரைச்சலில் துரைசானிக்கு உறக்கம் வரவில்லை என்று, வெளிப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவும் உள்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவுமாக வைத்திருந்தார். நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலுக்குள், கீழ்ச் சட்டத்தின் மேல் பாம்பு நீட்டிப் படுத்திருந்தது. நடு உடம்பு புடைத்திருந்தது. மூலையில் உளுத்துப்போன கட்டையில் எலி போட்ட ஓட்டை ஒன்று தெரிந்தது. எலி வந்த வழியாகப் பாம்பு வந்திருக்கிறது, எலியை விழுங்கியிருக்கிறது, விழுங்கின வயிற்றோடு அந்த ஓட்டையில் திரும்பிப் போக முடியாமல் கிடக்கிறது. இவ்வளவும் கண்ணால் பார்த்தே தெரிந்தது. எலி எதைத் தின்ன வந்தது என்பதை மட்டும் அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு முன்பே தெரியும்.

கஞ்சி சிந்திக் காலில் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"ஏட்டி, எதுக்கு மரம் மாதிரி நிக்கிய?" என்றான் ஜெபசீலன்.

சத்தியபாய் பயப்படாத பொருள் என்று உலகத்தில் ஒன்று உண்டா என்பதே சந்தேகம். பல்லிக்குப் பயம். இடிக்குப் பயம். கீரிப்பாறை இறக்கத்தில் பஸ்ஸில் உட்காரப் பயம். சபையில் எழும்பி நின்று வசனம் வாசிக்கச் சொன்னால் அன்றைக்குக் காய்ச்சலே வந்துவிடும். இத்தனைக்கும் மேலே புருஷனின் வாய்க்குப் பயம். ஜெபசீலன் எஸ்டேட் ரைட்டர், நேர்மையான மனுஷன், கை நீட்டவே மாட்டான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் போதும், கல்யாணத்தன்று அவள் அப்பா உப்பில்லாத சாம்பார் விளம்பியதில் தொடங்கி, அவள் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பான். மூன்று நாளானாலும் ஓயாது.

அந்த வாய்க்குப் பயந்துதான் மார்கழி மாதம் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

சுதந்திரம் வந்த கையோடு துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். புது முதலாளி ஊரில் இருந்தார். ரைட்டர் குடும்பம் பங்களாவில் குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. மற்ற ஜன்னல்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இது ஒன்றுதான் கைக்குழந்தை மாதிரி ஓயாமல் படுத்தும். மழைக்காலத்தில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாது. சத்தியபாய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நீற்றாத சுண்ணாம்புக் கட்டியைப் போட்டு நடுவில் வைத்தாள், ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துவிட்டது. காற்றடித்தால் வெளிக்கதவு கடகடவென்று ஆடும். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து வந்து சந்தில் திணித்தாள், ஆட்டம் நின்றது. கதவு ஊதிப்போய்ச் சிக்கினால் விளிம்பில் சோப்புத் தேய்ப்பாள். இதிலெல்லாம் அவளுக்குப் பயமே கிடையாது. வேலை என்று வந்தால் அந்தக் கைகள் வேறு யாருடையவோ போல இருக்கும்.

கார்த்திகையில் உள்கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்கு வெடித்துப் பொரிந்து உதிர்ந்தது. கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பது அந்த மக்குதான். சாக்பீஸ் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்து வைத்தால் சில வாரத்தில் கல்லாகிவிடும். துரை விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய், அவர் பாஷையில் லின்சீடு, ஒரு குப்பி இருந்தது. "பத்திரமாட்டு எடு. இனி மெட்ராசுல இருந்துதான் வரணும்," என்று சொல்லிவிட்டு ஜெபசீலன் வேலைக்குப் போனான். அவன் தலை பாதையில் மறைந்த கொஞ்ச நேரத்தில் குப்பி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. எண்ணெய் பலகைச் சந்துகளில் இறங்கிப் போய்விட்டது.

என்ன செய்வாள் பாவம்! அடுக்களையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், கீல் கிறீச்சிட்டாலும் அதுதான், வயிறு வலித்தாலும் அதுதான். இந்த நாட்டில் தேங்காய் எண்ணெயால் ஆகாதது எது? பொடியைக் கொட்டிக் குழைத்து, கண்ணாடியைச் சுற்றி அழகாக வைத்து, கத்தியால் வழித்து, உடைந்த குப்பியைக் குழி தோண்டிப் புதைத்தும் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஜெபசீலன் விரலால் அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. மார்கழிக் குளிரில் மலையில் தேங்காய் எண்ணெய் உறையாமல் என்ன செய்யும்? "நல்லா வச்சிருக்க," என்றான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தைகளை எண்ண ஒரு கை விரல் போதும். அதில் ஒன்றைப் பொய்க்கு வாங்கிவிட்டோமே என்று அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி பிறந்து வெயில் ஏற ஏற மக்கு இளகியது. சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்தது. அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய் வாசனைக்கு எலி வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபசீலன் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். திருவட்டாறு கிருஷ்ணமணி ஆசான் வந்து, மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்த துணியைச் சுற்றிக் கட்டினார். "இருபத்தொண்ணு நாள் அசையப்பிடாது ரைட்டரே. அசைஞ்சா எலும்பு கோணிச் சேரும். பின்ன இந்த மலை ஏற முடியாது," என்றார். மலை ஏற முடியாத ரைட்டரை எந்த முதலாளி வைத்திருப்பான்? கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போடச் சொன்னவன் ஜெபசீலனேதான். படுத்தபடியே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டையும் பாதையையும் பார்க்க வேண்டுமாம். சத்தியபாய் வாயைத் திறந்தாள், மூடினாள், கட்டிலைப் போட்டாள்.

இன்றைக்கு இருபத்தோராம் நாள். ஆசான் நாலு மணிக்கு வந்து புதுக்கட்டுப் போடுவதாக ஏற்பாடு. அதற்காக உளுந்து மாவும் ஏழு நாட்டுக்கோழி முட்டையும் கிழித்த வேட்டித் துணியும் கட்டிலுக்கருகே ஸ்டூலில் தயாராக இருந்தன. மணி இப்போது ஒன்றரை.

அவள் கண் போன இடத்தை ஜெபசீலன் கழுத்தை வளைத்துப் பார்த்தான். "கர்த்தாவே!" என்று ஒரு துள்ளுத் துள்ளப் போனவன், உடனே அடங்கினான். பிறகு சிரித்தான்.

"ஏட்டி, நல்ல எடம் பாத்துதான் வந்து கெடக்கான்! நீ எதுக்கு வெறைக்க? லின்சீடு போட்ட மக்காக்கும். சுத்தியல் கொண்டு அடிச்சாலும் இந்தக் கண்ணாடி எளகாது. இப்பம் பாரு." தலைமாட்டில் சாய்த்திருந்த கைக்கம்பை எடுத்துக் கண்ணாடியைத் தட்ட ஓங்கினான்.

"தட்டாதீங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் கம்பு அந்தரத்தில் நின்றது. ஏழு வருஷத்தில் அவள் இப்படிக் கத்தியதில்லை.

"அது லின்சீடு இல்ல. குப்பி ஒடஞ்சு போச்சு. நான்... தேங்காண்ணெயில குழைச்சு வச்சேன்."

ஜெபசீலன் கம்பைத் தாழ்த்தினான். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவன் கண்கள் கண்ணாடியின் விளிம்போடு மெல்லப் போயின. சுவரில் மஞ்சளாக வழிந்த கறை. கீழ்விளிம்பு முழுவதும் எலி கொறித்த வெறும் பள்ளம். கண்ணாடி நின்றது அடியில் இருந்த இரண்டு சின்ன ஆணிகளின் மேல். மேல்விளிம்பு சட்டத்தை விட்டு ஒரு நெல்மணி அளவுக்கு அறைப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்தால் விழுவது அவன் முகத்தில்தான். கண்ணாடியோடு பாம்பும் வரும்.

"ஆரையாவது கூப்பிடு," என்றான்.

யாரைக் கூப்பிட? ரப்பர் இலை உதிரும் மாதம், மரத்தில் பால்வெட்டு கிடையாது. போதாக்குறைக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரும் விடியற்காலையிலேயே பஸ் பிடித்துப் போயாயிற்று. தொண்டை கிழியக் கத்தினாலும் காய்ந்த ரப்பர் இலைதான் கேட்கும்.

"அப்பம் கட்டிலை இழு. மெள்ள."

அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். பலகைத் தரை முனகியது. கண்ணாடி கிர்ரென்று அதிர்ந்து இன்னொரு நெல்மணி சாய்ந்தது. பாம்பு தலையைத் தூக்கியது.

பிறகு நடந்ததை அவள் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் அது பொய். பாய்ந்து போய்க் கட்டிலின் ஓரத்தில் முட்டுக்குத்தி, புருஷனின் தலைக்கு மேலே கை நீட்டி, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்தாள். கண்ணாடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மறுபக்கத்தில் பாம்பு அரையடி உயரத்துக்கு எழும்பிப் படத்தை விரித்தது. அந்த நெருக்கத்தில் அதன் வயிற்றுப் பட்டைகள் கண்ணாடியில் பதிந்தன. அவள் உள்ளங்கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

'டப்.' மூக்கால் ஒரு முட்டு. அவள் கைக்கு நேராக.

கையை எடுத்துவிட்டு ஓடு, ஓடு என்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. குனிந்து பார்த்தாள். மோவாய்க்குக் கீழே புருஷனின் முகம், வியர்த்துப்போய். அவனுக்கும் பயம்! அந்த வாய்க்காரனுக்கும் பயம் வரும் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"நான் எழும்பட்டா?" என்றான்.

"அனங்காதீங்கோ. இருவத்தொண்ணு நாள் கெடந்தது பாழாப் போவும்."

"பின்ன எவ்வளவு நேரம் இங்ஙன பிடிச்சிட்டு நிப்ப?"

வேலையில் இறங்கும்போது வருமே அந்த வேறு யாருடையவோ கைகள், அவை அப்போதுதான் அவளுக்குத் திரும்பி வந்தன. கண் ஸ்டூலுக்குப் போனது.

"அந்த முட்டைய ஒடைங்கோ. வெள்ளை மட்டும். மாவுல ஊத்திக் கொழைங்கோ. காலைப் பிடிக்கது கண்ணாடியப் பிடிக்காதா?"

ஜெபசீலன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு கை நீட்டிச் சட்டியை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டினான். முதல் முட்டை மஞ்சளோடு சேர்ந்து விழுந்தது.

"அய்யோ, மஞ்சள் விழுந்தா பிடிக்காது. கோரிக் களையுங்கோ!"

"களையுதேன், களையுதேன். வெரட்டாத," என்றான். அடுக்களைப் பக்கமே போகாத மனுஷன் நெஞ்சில் சட்டியை வைத்து முட்டை பிரித்த அழகை வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்துச் செத்திருப்பாள். கைவிரலெல்லாம் பிசுபிசுத்து, மாவு தாடியில் ஒட்டி, ஒரு வழியாகக் குழம்பு பதத்துக்கு வந்தது. துணிக்கீற்றை முக்கி அவளிடம் நீட்டினான். அவள் ஒரு கையால் கண்ணாடியை அழுத்திக்கொண்டு, மறுகையால் கீற்றை வாங்கி, பாதி கண்ணாடியிலும் பாதி சட்டத்திலும் படும்படி ஒட்டினாள். எண்ணெய் இருந்த இடத்தில் அது வழுக்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். 'டப்' என்று அந்தப் பக்கம் ஒரு முட்டு. கண்ணை இறுக மூடி, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்," என்றாள். அதற்கு மேலே வசனம் ஞாபகம் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அடுத்தது," என்றாள்.

இடப்பக்கம் மூன்று கீற்று. வலப்பக்கம் மூன்று. மேலே நாலு. கீழ்விளிம்புக்கு வந்தபோதுதான் கை நின்றது. பாம்பின் உடம்பு கிடந்தது அங்கேதான். எலி தின்ற பள்ளத்தின் வழியாக அதன் மூச்சுச் சத்தம் சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு விரல் நுழையும் சந்து. அந்தச் சந்தை அவள் விரலால்தான் அடைக்க வேண்டும்.

"வேண்டாம் பிள்ளே," என்றான் ஜெபசீலன். "கீழ கெடக்கட்டும்."

"கீழதான் ஆணி ஆடுது."

துணியை மாவில் தோய்த்து உருட்டிச் சந்தில் வைத்து அழுத்தினாள். துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ நெளிவது விரலுக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டேதான் அழுத்தினாள். ஒரு உருண்டை, இரண்டு உருண்டை, மூன்று. சந்து அடைந்தது.

அடைந்தும் என்ன, காய வேண்டாமா? ஆசான் கட்டுப் போட்டால் இறுக ரெண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் கண்ணாடி இளகாமல் இருக்க வேண்டும். அவள் மறுபடியும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தோளில் வலி ஊசியாகக் குத்தியது. பிறகு தோள் மரத்துப்போனது. இரண்டரை மணி இருக்கும், மலைப்பக்கம் கறுத்து ஒரு கோடை இடி இறங்கியது. பங்களாவே ஆடியது. கண்ணாடிக்குள் சுண்ணாம்புச் சிரட்டை உருண்டது. பாம்பு வெறிபிடித்து மேலும் கீழும் புரண்டு சீறியது. அடியில் ஒரு ஆணி 'டிக்' என்று தெறித்துக் கட்டிலில் விழுந்தது.

ஜெபசீலன் கட்டில் சட்டத்தைப் பிடித்து முதுகைத் தூக்கினான். "விடு, நான் பிடிக்கேன்!"

"எழும்பினா நான் கைய எடுத்துருவேன்!" என்று அவள் அலறினாள். "சத்தியமாட்டுச் சொல்லியேன், எடுத்துருவேன்!"

அவள் எடுக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் மெல்லப் படுத்தான். படுத்தவன் கையை உயர்த்தி, அவள் முட்டங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டான். மழை நாலு துளி போட்டுவிட்டுப் போய்விட்டது.

நாலு மணிக்குப் பாதையில் கிருஷ்ணமணி ஆசானின் குடை தெரிந்தது. ஜெபசீலன் போட்ட சத்தத்தில் மனுஷன் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வெளியே நின்று ஜன்னலைப் பார்த்தார். கத்தியால் வெளிக்கதவுச் சந்தில் இருந்த ஒட்டுப்பாலைக் கிள்ளி எடுத்தார். தோட்டத்திலிருந்து ஒரு நீண்ட கம்பைக் கொண்டுவந்து, எட்ட நின்று கதவை நெம்பினார். கதவு திறந்தது. பாம்பு வெளியே வழிந்து விழுந்தது. பருத்த வயிற்றை இழுத்துக்கொண்டு காய்ந்த ரப்பர் இலைகளுக்குள் அது போகும் சலசலப்பு வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கும்வரை சத்தியபாய் கையை எடுக்கவில்லை.

நின்ற பிறகும் எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. முட்டை வெள்ளையும் மாவும் வழிந்து இறங்கி, விரல்களையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடித்திருந்தன.

ஆசான் உள்ளே வந்து முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார். "அனங்கல்ல. நல்லாட்டுச் சேர்ந்திருக்கு. மருந்துதான் மொத்தமும் ஜன்னலுக்குப் போச்சு, நாளைக்கு வந்து கட்டிக்கிடலாம்," என்றார். பிறகு அவள் கையைப் பார்த்தார். "இழுத்தா தொலி உரிஞ்சிரும் மக்களே. கொஞ்சம் தேங்காண்ணெ போட்டா எளகும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் சத்தியபாய்க்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். ஆசானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய் எடுத்துவர அடுக்களைக்குப் போனார்.

"அன்னைக்கே எண்ணெ மணம் வந்துது," என்றான் ஜெபசீலன் கூரையைப் பார்த்துக்கொண்டு. "உனக்க தலையில தேச்சதாக்கும்னு நெனச்சேன்." தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "குப்பி ஒடஞ்சா ஒடஞ்சுன்னு சொல்லப்பிடாதா? பாம்பை விரல் வச்சு அடைச்சவளுக்கு அதுக்கு என்ன பயம்?"

"அன்னைக்குப் பாம்பு இல்லியே," என்றாள் சத்தியபாய். "நீங்கதான இருந்தீங்கோ."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில், கேட்டதற்குப் பதிலாக, உள்ளதைச் சொன்னாள்.

ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். ஜெபசீலன் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். படுத்தபடியே விரலை எண்ணெயில் தோய்த்து, அவள் சுண்டுவிரலில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக நனைத்து விட்டான்.

"வலிக்கா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் அவள்.